இடது கன்னத்தில் மழை

ஊசி இன்னும் உள்ளே போகவில்லை, டாக்டர் என் கன்னத்தைப் பஞ்சால் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார், அதற்குள் பியூலா கண்ணை மூடிக்கொண்டாள். என் தம்பி செல்வினின் பெண்டாட்டி. ஆண் டாக்டரிடம் பெண்ணைத் தனியாக விடக்கூடாது என்பதற்காகச் சுவரோரம் ஸ்டூலில் உட்காரவைக்கப்பட்டிருக்கிறாள், மடியில் என் கைப்பை, அதன் மேல் என் மூக்குக்கண்ணாடி. அவளுக்கு ஊசி என்றாலே ஆகாது, மூடிக்கொள்ளட்டும். எனக்கு வலது கண் மட்டும்தான் மூடும். இடது கண், ஈஸ்டருக்கு முன்னால் காதுக்குக் கீழே இருந்த கட்டியை எடுத்த நாளிலிருந்து மூடவில்லை. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்குகிறேன். இடது நெற்றி சுருங்காது, காப்பி இடது கடைவாயில் வழிந்து புடவையில் சொட்டும், உதடு ஒட்டாததால் 'ப' என்ற எழுத்து காற்றாகப் போய்விடும். விரலால் இடது உதட்டை அழுத்திப் பிடித்தால் சொல்லலாம், ஆனால் நாலு பேர் முன்னால் வாயைப் பிடித்துக்கொண்டு யார் பேசுவது, அதனால் 'ப' வராத வாக்கியமாகத் தேடித் தேடிப் பேசப் பழகிவிட்டேன், பியூலாவைக்கூட யூலா ஆக்கிவிட்டேன். அதெல்லாம் கொஞ்ச நாளைக்குத்தானே. "நரம்பு வீங்கியிருக்குக்கா, வேற ஒண்ணுமில்ல, வந்துரும்." மயக்கம் தெளிந்ததும் முதலில் கேட்டது செல்வினின் இந்த வார்த்தையைத்தான். வந்துரும். அந்த வார்த்தையில் ஓர் இளநீர் குளிர்ச்சி. கல்லூரியில் விடுப்புச் சொன்னபோதும் வந்துரும், கண்ணாடி முன்னால் ஈ என்றும் ஊ என்றும் பயிற்சி செய்தபோதும் வந்துரும். "அக்கா, ஒன் வலது பக்கம் நீ, இடது பக்கம் நம்ம அப்பா. எப்பமும் மொறைச்சிக்கிட்டே," என்று அவன் கேலி செய்ததும், நான் பாதி வாயால் சிரித்ததும், மறு பாதி அப்பாவைப் போல அசையாமல் அவனைப் பார்த்துக்கொண்டிருந்ததும். இன்றைக்கு இந்த ஊசிச் சோதனைகூட அது வரத் தொடங்கிவிட்டதா என்று பார்க்கத்தான். "சின்னதா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் மேடம்," என்கிறார் டாக்டர் அப்பாஸ். என் மாணவர்கள் வயதுதான் இருக்கும். கன்னத்தைத் தளர்த்திக்கொள்ளச் சொல்கிறார். தளர்த்துவதற்கு அங்கே என்ன இருக்கிறது, அது தளர்ந்தே கிடக்கிறது.

எறும்புதான். பிறகு சத்தம். தசையின் மின்துடிப்பை ஊசி வாங்கித் திரையில் ஓட்டும் கோட்டை நான் பார்க்கவில்லை, மூலையில் இருந்த ஒலிபெருக்கியில் அந்தத் துடிப்பு சத்தமாக வந்தது, தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி, டிக் டிக் டிக் என்று ஒரே சீராக, ஒரு துளி, இன்னொரு துளி, பிறகு அவசரமாகப் பல துளிகள். பியூலா கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தாள். வெளியே பாளையங்கோட்டை வெயில் கண்ணைக் குத்துகிறது, மழை எங்கே. மழை என் கன்னத்துக்குள். எனக்கு இந்தச் சத்தம் தெரியும். ஸ்காட்லாந்தில் ஆராய்ச்சி செய்த வருஷங்களில் நான் தினமும் வேலை தொடங்கியதே இந்தச் சத்தத்தில்தான், ஆனால் அது எலிகளின் காலில் கேட்டது, நாங்கள் நரம்பை வெட்டிவிட்ட காலில். வெட்டிவிட்ட காலில். இரு, அவசரப்படாதே. ஊசியை அசைத்தாலும் கொஞ்சம் கரகரக்கும். டாக்டர் கையை அசைக்காமல் பிடித்திருக்கிறார். மழை நிற்கவில்லை. வீங்கின நரம்பாக இருந்தால் இப்படிப் பெய்யாது. வீக்கம் என்றால் தந்திக் கம்பி அறவில்லை, சேதி மட்டும் தடைப்பட்டிருக்கிறது, தசைக்குத் தான் கைவிடப்பட்டது தெரியாது, பேசாமல் கிடக்கும். தசை தானாகத் துடிக்கிறது என்றால், யாரும் கூப்பிடாமலே ஒவ்வோர் இழையும் தனக்குத்தானே துடிக்கிறது என்றால், அதற்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு முன்னால் என் கன்னத்துக்குத் தெரிந்திருக்கிறது. இதை நான் எத்தனை வகுப்பில் நடத்தியிருக்கிறேன், ஏற்பி என்று கரும்பலகையில் எழுதி, பிள்ளைகளா, இதை ஒரு வாசல் என்று வைத்துக்கொள்ளுங்கள், நரம்பு அனுப்புகிற ரசாயனம் வந்து தட்டினால் திறக்கிற வாசல் என்று. கருவில் இருக்கும்போது தசைக்கு நரம்பு இன்னும் வந்து சேர்ந்திருக்காது, யார் எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று தெரியாத வீடு அது, அதனால் உடம்பு முழுக்க வாசல். அதுவும் திறந்தால் சட்டென்று மூடாத வாசல். பிறகு நரம்பு வரும், ஓரிடத்தில் தொடும், தொட்ட இடத்தில் வாசல்கள் எல்லாம் கூடி நிற்கும், மற்ற இடத்திலெல்லாம் அடைபட்டுப் போகும். வளர்வது என்றால் அதுதான். இவ்வளவு பெரிய தசை ஒரு பொட்டு இடத்தில் மட்டும் கேட்கக் கற்றுக்கொள்வது. நரம்பை வெட்டிவிட்டால் சில நாளிலேயே அடைத்ததெல்லாம் மறுபடி திறக்கும், உடம்பு முழுக்க, கருவில் இருந்த அதே பழைய வகை, மூடத் தெரியாத வகை. வகுப்பில் இந்த இடத்தில் ஒரு பெண் கேட்டாள், ஏன் மிஸ், அது அவ்வளவு ஏங்குதா என்று. தசைக்கு ஏக்கமெல்லாம் கிடையாது, உட்கார் என்றேன். எங்கிருந்தோ தவறி ஒரு சொட்டு வந்து விழுந்தாலும் அந்தத் தசை சுருங்கும். எந்தச் சொட்டானாலும். வந்துரும் என்ற சொட்டு. இட்லித் தட்டோடு வந்த வந்துரும், வாட்ஸப்பில் வந்த வந்துரும், பிசியோதெரபி ரோஸ்லின் கன்னத்தைத் தட்டிச் சொன்ன வந்துரும், எங்கே விழுந்தாலும் நான் சுருங்கினேன், எங்கே விழுந்தாலும் நம்பினேன்.

"இன்னும் மூணு எடம் மேடம், நெத்தியில ஒண்ணு, ஒதட்டுக்கிட்ட ஒண்ணு, கண்ணோரத்துல ஒண்ணு." நெற்றியிலும் மழை. உதட்டிலும். ஊரெல்லாம் மழை என்று செல்வின் சொல்வான் வானிலைச் செய்தி மாதிரி. அவன் இப்போது வெளியே நீளப் பெஞ்சில் காலாட்டிக்கொண்டிருப்பான், சின்னப் பிள்ளையிலிருந்து அவனுக்குக் காலாட்டாமல் உட்கார வராது, வேதப்பாடப் பரீட்சையில்கூட ஆட்டி அடி வாங்கினான், நான்தான் அவன் முட்டியின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பேன். அவனா. அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம், சர்ஜன் அவனிடமும் வீக்கம் என்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருப்பாரா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் அந்தப் பெரிய சர்ஜன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, இருபது வருஷம் நரம்பும் தசையுமாக வாழ்ந்த என்னைத் தாண்டி, கதவருகே பார்த்து, "ஜென்ட்ஸ் யாரும் வந்திருக்கீங்களா?" என்றார். மொபைல் பார்த்துக்கொண்டிருந்த செல்வின் எழுந்தான். அவன் பெயின்ட் கடை வைத்திருப்பவன். இருவரும் வராந்தாவுக்குப் போனார்கள், நான் தலையணையைச் சரிசெய்துகொண்டேன். கோபம் வரவில்லை அப்போது. ஸ்காட்லாந்திலும் இப்படித்தானே. ஆய்வுக்கூடத்தில் எங்கள் தலைவர் பெண் எலிகளை வாங்கவே மாட்டார், பெண் எலி என்றால் ஹார்மோன் ஏறி இறங்கும், கணக்கு கலைந்துபோகும் என்பார், ஆண் எலியில் எண்ணிவிட்டு எலி என்று எழுதிவிடுவோம். நான் அடம்பிடித்துப் பெண் எலிகளையும் கேட்டு வாங்கினேன். இரண்டிலும் வாசல்களின் எண்ணிக்கை ஒன்றுபோல இல்லை, ஒவ்வொரு தசையிலும் ஒவ்வொரு மாதிரி. அடிவயிற்றின் கீழே ஒரு தசை இருக்கிறது, பிறக்கும்போது ஆண் குட்டிக்கும் பெண் குட்டிக்கும் இரண்டுக்கும் இருக்கும், நரம்பும் வந்து தொட்டிருக்கும், ஆனால் ஆணில் ஹார்மோன் அதைப் பிடித்து நிறுத்தி வளர்க்கும், வாசல்களைக் காப்பாற்றித் தரும், பெண் குட்டியில் அது கொஞ்சங் கொஞ்சமாகக் கரைந்து இல்லாமலே போகும். முதல்முதல் அதைப் பார்த்தபோது ஒரே தொட்டிலில் கிடந்த இரண்டு குட்டிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஒரே தொட்டில்தான் நாங்களும். அவனுக்குச் சொல்லப்படும், எனக்குச் சொல்லப்படாது, இருவருக்கும் அதில் பழகிப்போய்விட்டது. கல்யாணம் செய்துகொள்ளாத அக்காவுக்கு எங்கே கேட்டாலும் கார்டியன் அவன்தான், நாற்பத்தெட்டு வயது அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயதுக் கார்டியன். வீங்கியிருக்குக்கா. சொல்லும்போது கால் ஆடியதா? கட்டில் நடுங்கிக்கொண்டிருந்தது. மயக்க மருந்தின் நடுக்கம் என்று நினைத்தேன்.

அப்புறம் அந்த ஜெபம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் செல்வின் வீட்டில் குடும்ப ஜெபம் உண்டு, எல்லோரும் கண்ணை மூடுவார்கள், நானும் மூடுவேன், அதாவது வலதை. இடது விழி மேலே உருண்டு ஓடப் பார்க்கும், ஆனால் மெதுவாக மூடினால் ஓடாது, இமைக்கு அடியில் ஒரு கீற்று மிச்சமிருக்கும், அந்தக் கீற்றில் சாப்பாட்டு மேஜையும் அதைச் சுற்றி மூடிய கண்களும் தெரியும். மூடிய கண்களை அப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது திருட்டுத்தனம் மாதிரி இருக்கும், ஆனாலும் என்ன செய்ய. ஒருநாள் செல்வின், "ஆண்டவரே, எங்க அக்கா மொகத்துல இருக்க வீக்கத்தை நீர் தொட்டு வாங்கிப்போடும்," என்று குரல் கம்மச் சொல்லிக்கொண்டிருந்தவன் நடுவில் கண்ணைத் திறந்தான். பியூலாவும் திறந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மறுபடி மூடிக்கொண்டார்கள். ஆமென். அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன், எனக்காக எவ்வளவு உருகுகிறார்கள் என்று அன்றைக்கு ஒரு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். இப்போது அந்தப் பார்வை இந்தக் கட்டிலுக்கு மேலே வந்து நிற்கிறது, போகமாட்டேன் என்கிறது. கடவுளிடம்கூட வீக்கம் என்றே சொன்னான். போன ஞாயிறு சர்ச்சின் அசன விருந்துப் பந்தியில் போதகரின் மனைவி ஐயரம்மா என் இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டே, "நரம்பு போனா என்ன, உசிரு தப்பிச்சுதே, ஸ்தோத்திரம்," என்றார்கள், பக்கத்தில் இருந்த பியூலா அவசரமாக, "ரசம் எங்கம்மா ரசம்?" என்று கேட்டாள். அவர்களுக்கு விவரம் தெரியாது, வயதானவர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்தேன். அசனத்துக்கு வந்த அத்தனை பேருக்கும் தெரியுமோ. சோறு வடித்தவர்களுக்கு, இலை போட்டவர்களுக்கு. "மேடம், இப்ப கண்ணை இறுக்கி மூடுங்க பாப்போம்," என்கிறார் டாக்டர், ஊசி இப்போது இடது கண்ணோரத்தில் இருக்கிறது. இதுதான் கடைசிக் கேள்வி. ஒரு நூலிழை நரம்பாவது ஊர்ந்து வந்து சேர்ந்திருந்தால் மழைக்கு நடுவே தனியாக ஒரு தட்டல் கேட்கும், கனமாக, கதவைத் தட்டுகிற மாதிரி. மூடு என்று என் முழு உயிரையும் சேர்த்து உத்தரவு போடுகிறேன். வலது கண் இறுகி மூடிக்கொள்கிறது, வலது கன்னம் வலிக்கிறது. ஒலிபெருக்கியில் மழை மட்டும். தட்டல் இல்லை. இன்னொரு தரம் என்கிறார். இந்தத் தரம் இறுக்கவில்லை, மெதுவாக மூடினேன், கீற்றை வைத்துக்கொண்டேன். டாக்டர் பியூலா பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, "சர்ஜரியிலயே நரம்பை எடுத்ததுதானே, அதான்..." என்று தொடங்கினார். பியூலா உதட்டின் மேல் விரலை வைத்தாள். தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று, பெரிய கண்களோடு. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறவளுக்கு முன்னால் செய்கிற ஜாடை. டாக்டர் ஒரு நொடி விழித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் டைம் ஆகும் மேடம், வந்துரும்," என்றார்.

அவரும். அவருக்கு என்னைத் தெரிந்து ஒரு மணி நேரம்கூட இருக்காது, அதற்குள் அவரும். ஊசியை எடுத்துவிட்டுக் கை கழுவப் போனார், குழாய்த் தண்ணீர் சத்தத்துக்குள் நான் எழுந்து உட்கார்ந்தேன், "யூலா, எடுத்துட்டாங்களா?" என்றேன். அவள் என் கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள், துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தாள். "என்னத்த மதினி?" "என்னத்தன்னு ஒனக்குத் தெரியும். நீ விரல் வச்சதை நான் கண்டேன். எனக்கு இந்தக் கண் மூடாது, மறந்துட்டியா?" அவள் முகம் அப்படியே கலைந்தது, நெற்றி, புருவம், இரண்டு கன்னம், இரண்டு உதட்டோரம், அத்தனையும் ஒரே சமயத்தில் சுருங்கியது, ஒரு முழு முகம் அழத் தொடங்குவதை அவ்வளவு பக்கத்தில் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது, பொறாமை, அந்த நேரத்தில் அதுதான் வந்தது. "நானா மதினி சொல்லக்கூடாதுன்னேன்? ஆபரேசன் நடக்கையிலயே டாக்டர் வெளிய வந்து ஒங்க தம்பியக் கூப்பிட்டாவ. கட்டி நரம்பச் சுத்திக்கிட்டு இருக்கு, நரம்போட சேத்துத்தான் எடுக்கணும்னாவ. காலுல இருந்து ஒரு நரம்ப எடுத்து இப்பவே ஒட்டுப் போடலாம், கூட ரெண்டு மணி நேரம் ஆகும், என்ன சொல்லுதியன்னு கேட்டாவ. அவ்வோ பயந்துட்டாவ மதினி. காலையும் வேற வெட்டணுமான்னு. முதல்ல எங்கக்கா உயிரோட வரட்டும், மத்தத அப்புறம் பாத்துக்கிடலாம்னுட்டாவ." அப்புறம். "அது என்னைக்கு?" "வீட்டுக்கு வந்ததும் சொல்லணும்னுதான் இருந்தோம். நீங்க கண்ணாடியப் பாத்துச் சிரிச்சுச் சிரிச்சுப் பாத்துட்டு, கொஞ்சம் வருது யூலான்னு சொல்லுவிய. அப்போ எப்படிச் சொல்ல? நீங்களே சொல்லுங்க, எப்படிச் சொல்ல?" காலில் இருந்து. எந்த நரம்பு என்று யாரிடமும் கேட்காமலே எனக்குத் தெரியும், கெண்டைக்காலின் பின்புறம் தோலுக்கு அடியில் ஓடுகிற அந்த மெல்லிய நரம்பு, எடுத்தால் பாதத்தின் வெளியோரம் கொஞ்சம் மரத்துப்போகும், அவ்வளவுதான். பாத ஓரத்தையும் முகத்தையும் பெயின்ட் கடையில் உட்கார்ந்து எடை போட்டானா. இல்லை, வராந்தாவில் நின்றுதான். பயந்துதான். பயந்தான் என்பதுதான் தாங்கவில்லை, திட்டமிட்டுச் செய்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். முட்டியின் மேல் ஒரு கை வைத்து அழுத்த யாரும் இல்லாமல் அவன் கால் ஆடியிருக்கும். அது சரி, அது அன்றைக்கு. மறுநாள்? அதற்கு மறுநாள்? தசை காத்திருக்கும், வாசலையெல்லாம் திறந்து போட்டுக்கொண்டு காத்திருக்கும், ஆனால் காலத்துக்கும் இல்லை, ஒரு வருஷம் தாண்டினால் மெலிந்து நாராகத் தொடங்கும், அதற்கப்புறம் நரம்பே வந்து நின்றாலும் திறந்துவிட உள்ளே ஆள் இருக்காது. நரம்பு ஊர்வதோ ஒரு நாளைக்குக் கடுகளவு தூரம், காதடியிலிருந்து உதடு வரைக்கும் அது வரவேண்டாமா. ஈஸ்டரிலிருந்து அசனம் வரைக்கும் நான் ஈ, ஊ என்று இளித்துக்கொண்டிருந்தது என்னுடைய தசையின் காலம். அதைக் கேலி பேசிச் செலவழித்தான். ஜெபம் பண்ணிச் செலவழித்தான்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒலிபெருக்கியை அணைத்தார், மழை நின்றது, நின்றது எங்கே, கேட்காமல் பெய்துகொண்டிருக்கிறது. அவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், ஏதோ நடந்துவிட்டது என்று தெரிந்திருக்கவேண்டும், அதனால் நேரே கதவுக்குப் போய், "செல்வின் சார், உள்ள வாங்களேன், ரிசல்ட் சொல்லணும்," என்றார். என்னைத் தாண்டி, மறுபடியும், கதவுப் பக்கம். செல்வின் கையில் பிளாஸ்க்கோடு வந்தான். "என்னக்கா, எறும்பு கடிச்சுதா? டாக்டர், சீக்கிரம் வந்துரும்லா?" அந்தச் சிரிப்பு, அம்மாவின் சிரிப்பு, எனக்கும் இருந்தது. பியூலா தரையைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான், அவள் நிமிரவில்லை, அவன் கையில் பிளாஸ்க் மெல்ல இறங்கியது. "அக்கா," என்றான், "நான் சொல்லத்தான்..." அவன் கால் ஆடத் தொடங்கியிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, என் கை தானாக எழுந்தது, முட்டியை அழுத்தத்தான் எழுந்ததோ என்னவோ, அதை நடுவழியில் நிறுத்தி முகத்துக்குக் கொண்டுபோனேன். இடது உதட்டை விரலால் பிடித்தேன். "பேஷண்ட் நான்," என்றேன். இத்தனை மாதத்தில் ஒரு நல்ல 'ப', வெடித்து, முழுசாக, அறை முழுக்கக் கேட்டது. "செல்வின், நீ வெளியே போ. பியூலா, நீ இரு." அவன் போகவில்லை, டாக்டரைப் பார்த்தான், டாக்டர் பிளாஸ்க்கைப் பார்த்தார். "கதவைச் சாத்திட்டுப் போ," என்றேன். உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை, எச்சில் மணிக்கட்டில் வழிந்தது, வழியட்டும். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகுதான் புடவையைக் கெண்டைக்கால் வரைக்கும் உயர்த்தினேன். "எங்கேருந்து எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியும் டாக்டர். இன்னும் நேரம் இருக்கா, அதை மட்டும் சொல்லுங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க." அவர் ஸ்டூலை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். என் வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார், எதில் நான் இருக்கிறேன் என்று தேடுகிற மாதிரி. "இருக்கு மேடம்," என்றார். "கொஞ்சம்தான் இருக்கு." அந்தக் கொஞ்சம் எங்கும் சிதறாமல், ஒரே இடத்தில் வந்து விழுந்தது.